கார் ஜிபிஎஸ் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கார் ஜிபிஎஸ் கெட்டுவிட்டது என்று சொல்லிக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் கருவியை மட்டும்தான் கையில் எடுத்துவருவார்கள். கேபிள், சார்ஜர், ஸ்டாண்ட் எல்லாம் காரிலேயே கிடக்கும். மேசைமேல் வைத்து ஆன் செய்தால் கருவி சமர்த்தாக வேலை செய்யும். கோளாறு காரில் விட்டுவந்த சாமான்களில் இருக்கும், அல்லது காரின் கண்ணாடியிலேயே இருக்கும். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணங்களை முதலிலும், செலவு வைக்கும் காரணங்களைப் பின்னாலும் வைத்திருக்கிறேன். கருவியைத் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

கண்ணாடியில் ஒட்டும் தனிக் கருவியைப் பற்றித்தான் பெரும்பாலும் சொல்லப்போகிறேன். காரோடு வரும் ஸ்க்ரீனுக்கும் போனுக்கும் விஷயம் மாறும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் இது

கருவியையும் காரையும் பிரித்துச் சோதியுங்கள். வீட்டில் சுவர் சார்ஜரில் போட்டு ஆன் ஆகிறதா என்று பாருங்கள். பிறகு வானம் தெரியும் திறந்த வெளிக்குக் கையில் எடுத்துப் போய், சிக்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேறொருவர் காரில், அவருடைய சார்ஜரோடு ஒருமுறை போட்டுப் பாருங்கள். மூன்றிலும் நன்றாக இருந்தால் கோளாறு உங்கள் காரில். மூன்றிலும் தகராறு செய்தால் கருவியில். இந்தச் சோதனையைச் செய்யாமல் சர்வீஸ் சென்டருக்குப் போனால், "இங்கே நன்றாகத்தான் இருக்கிறது" என்று திருப்பித் தருவார்கள். அவர்கள் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

அடுத்தது ரீசெட். பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். மாடலைப் பொறுத்து 10 முதல் 30 விநாடி ஆகும். திரை அணைந்து லோகோ மறுபடி வரும். சேமித்த இடங்கள் எதுவும் இதில் அழியாது. செட்டிங்ஸில் இருக்கும் 'ஃபேக்டரி ரீசெட்' வேறு, அது எல்லாவற்றையும் துடைத்துவிடும். சேமித்த முகவரிகளைக் கணினியில் நகலெடுத்து வைக்காமல் அதைத் தொடாதீர்கள்.

சோதனைகளை வண்டியை நிறுத்திவிட்டுத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கக் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். அதோடு கூரைக்கு அடியில் சிக்னலும் ஒழுங்காக வராது.

## அறிகுறி: ஆன் ஆகவே இல்லை

### வீட்டில் ஆன் ஆகிறது, காரில் ஆகவில்லை

சில கார்களில் சாவியைத் திருப்பினால்தான் லைட்டர் சாக்கெட்டுக்கு மின்சாரம் வரும். அதை முதலில் பாருங்கள். பிறகு அதே சாக்கெட்டில் வேறொரு சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அதுவும் வேலை செய்யவில்லையென்றால், சாவியை அணைத்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நாணயம், சிகரெட் சாம்பல், பேப்பர் துணுக்கு என்று எதுவேனும் அடியில் கிடக்கலாம். சாவி ஆனில் இருக்கும்போது உலோகக் குச்சியை உள்ளே விடாதீர்கள்.

சாக்கெட் சுத்தமாக இருந்தால் ஃபியூஸ். இதில் இரண்டு இடம் உண்டு. ஒன்று காரின் ஃபியூஸ் பெட்டியில் இருப்பது, அது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: நிறைய கார் சார்ஜர்களின் முனைப்பகுதியைத் திருகினால் கழன்றுவரும், உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் இருக்கும். அதன் கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் அளவில் இன்னொன்று வாங்கிப் போடுங்கள். போட்டதும் மறுபடி போனால் எங்கோ ஷார்ட் ஆகிறது என்று பொருள். பெரிய ஃபியூஸாகப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அங்கிருந்துதான் ஒயர் எரிய ஆரம்பிக்கும். அந்தக் கட்டத்தில் ஆட்டோ எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் சாக்கெட்டின் நடுப்புள்ளியிலும் பக்கச் சுவரிலும் வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது 12 வோல்ட்டைச் சற்றுத் தாண்டியும், ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் காட்ட வேண்டும்.

### எங்கே போட்டாலும் ஆன் ஆகவில்லை

மாதக்கணக்கில் டிராயரில் கிடந்த கருவியா? பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். சுவர் சார்ஜரில் சில மணி நேரம் விட்டுவிட்டு அப்புறம் பாருங்கள். பத்து நிமிடத்தில் முடிவு கட்டிவிடாதீர்கள். கேபிளையும் மாற்றிப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் கேபிள் உள்ளே அறுந்திருப்பது சர்வ சாதாரணம், அதுவும் தினமும் மடித்துச் சொருகும் இடத்தில்.

பழைய கணினிகளின் யுஎஸ்பி துளை 0.5 ஆம்பியர்தான் தரும். திரை எரிந்துகொண்டே சார்ஜ் ஏற அது போதாது. 5 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர் தரும் சார்ஜர் வேண்டும்.

### ஆன் ஆகிறது, ஆனால் கணினிப் படத்தைக் காட்டிவிட்டு நிற்கிறது

இது கோளாறே இல்லை. கார்மின் நூவி போன்ற பழைய கருவிகளின் கார் கேபிளில், 'நான் சார்ஜர், கணினி இல்லை' என்று கருவிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு பிளக்கிலேயே இருக்கிறது. சாதாரண யுஎஸ்பி கேபிளை மாட்டினால் கருவி தன்னைக் கணினியோடு இணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மேப்பைக் காட்டாமல் உட்கார்ந்துவிடும். அசல் கார் கேபிளோ அந்த மாடலுக்கென்றே விற்கும் கேபிளோ வாங்கினால் தீர்ந்தது. கேபிள் தொலைந்துபோனதற்காகக் கருவியையே தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

### லோகோவிலேயே நிற்கிறது, அல்லது அணைந்து அணைந்து ஆன் ஆகிறது

மெமரி கார்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். கார்டில் இருக்கும் மேப் கோப்பு பாதியில் கெட்டிருந்தால் கருவி அதைப் படிக்க முடியாமல் தடுமாறும். கார்டு இல்லாமல் ஆன் ஆனால் கார்டை மாற்றுங்கள். அப்போதும் நின்றால் கணினியில் மாட்டி, தயாரிப்பாளரின் அப்டேட் மென்பொருள் மூலம் மென்பொருளை மறுபடி ஏற்றுங்கள். கணினி கருவியைக் கண்டுகொள்ளவே மறுத்தால் அதோடு நிறுத்திக்கொண்டு சர்வீஸுக்குக் கொடுங்கள்.

### கேபிளை எடுத்ததும் அணைந்துவிடுகிறது

பேட்டரி வயதாகிவிட்டது. எப்போதும் காரிலேயே மாட்டி ஓட்டுபவருக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை, அப்படியே ஓட்டலாம். ஆனால் திரை ஒரு பக்கம் மேலெழும்பி, உடலுக்கும் திரைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. உடனே சார்ஜரிலிருந்து எடுங்கள். அழுத்தி மூடவோ குத்திப் பார்க்கவோ வேண்டாம், லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். காரிலும் வைக்காதீர்கள். இது நேராக நிபுணர் கைக்குப் போக வேண்டிய விஷயம்.

## அறிகுறி: சாட்டிலைட் சிக்னல் பிடிக்கவில்லை

அதிகமாகக் கேட்கும் புகார் இதுதான். தவறான பொருளுக்கு அதிகமாகப் பணம் போவதும் இதில்தான். கருவியில் சாட்டிலைட்களைப் பட்டை பட்டையாகக் காட்டும் ஒரு பக்கம் பெரும்பாலும் உண்டு. செட்டிங்ஸில் தேடியோ சிக்னல் சின்னத்தை அழுத்திப் பிடித்தோ அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள சோதனைகளில் உங்களுக்குக் கண் அதுதான். சரியான இடத்தைக் கணிக்கக் குறைந்தது 4 சாட்டிலைட் தேவை.

### நாள்கழித்து ஆன் செய்தபோது மட்டும்

பொறுமை போதும். ஒவ்வொரு சாட்டிலைட்டும் தான் இருக்கும் இடத்தைப் பற்றிய துல்லியமான விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. அந்த விவரம் சில மணி நேரத்துக்குத்தான் செல்லும். எல்லா ஜிபிஎஸ் சாட்டிலைட்களின் தோராயமான அட்டவணை முழுதாக வந்துசேர 12.5 நிமிடம் பிடிக்கும். கருவி பல வாரம் அணைந்து கிடந்திருந்தாலோ, அணைந்த நிலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணப்பட்டிருந்தாலோ, அது எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டும். திறந்த வெளியில் காரை நிறுத்தி கால் மணி நேரம் அசையாமல் விடுங்கள். ஓட்டிக்கொண்டே போனால் மரமும் கட்டடமும் குறுக்கே வந்து சிக்னல் நடுவில் அறுந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

### வெளியே கிடைக்கிறது, காருக்குள் இல்லை

கண்ணாடியைச் சந்தேகப்படுங்கள். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த முன்கண்ணாடிகளும், உலோகம் கலந்த சன் ஃபிலிமும் ஜிபிஎஸ் அலையை மங்கவைக்கும். சோதனை எளிது. கருவியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துப் பக்கத்து ஜன்னலை இறக்கி வெளியே நீட்டிப் பிடியுங்கள். பட்டைகள் சட்டென்று எழும்பினால் காரணம் கண்ணாடிதான்.

இதற்குச் செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு. பூச்சுக் கண்ணாடி போட்ட கார்கள் பலவற்றில், ஓட்டுநர் பின்னால் வருவதைப் பார்க்கும் நடுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கரும்புள்ளி இட்ட ஒரு பகுதியைப் பூச்சில்லாமல் விட்டிருப்பார்கள். சுங்கச்சாவடிக் கட்டண வில்லைகளும் இதுபோன்ற கருவிகளும் வேலை செய்வதற்கான ஜன்னல் அது. காரின் கையேட்டில் எந்த இடம் என்று போட்டிருக்கும். பார்வையை மறைக்காதபடி கருவியை அதன் அருகே கொண்டுபோங்கள். கார் வாங்கிய பிறகு ஒட்டிய ஃபிலிம் காரணமென்றால் அதை எடுக்க வேண்டும், அல்லது உலோகம் இல்லாத செராமிக் ஃபிலிமுக்கு மாற வேண்டும்.

இரண்டும் முடியாதென்றால் வெளி ஆன்டெனா. கருவியின் பின்னால் சின்ன ரப்பர் மூடிக்குள் அதற்கான துளை இருக்கிறதா பாருங்கள். எல்லா மாடலிலும் இருக்காது. துளை இல்லாத கருவிக்கு ஆன்டெனா வாங்கி வந்து நிற்பவர்கள் உண்டு.

### சில சமயம் வருகிறது, சில சமயம் இல்லை

டேஷ்கேம் மாட்டிய பிறகு ஆரம்பித்ததா? மலிவான சார்ஜர், எல்இடி பல்பு, வயர்லெஸ் சார்ஜர் ஏதேனும் புதிதாக வந்ததா? சாட்டிலைட்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து அனுப்பும் அலை நம்மிடம் வந்துசேரும்போது மிக மிக மெலிந்திருக்கும். அரையடி தள்ளி இருக்கும் மட்டமான மின்சுற்று எழுப்பும் இரைச்சல் அதை அமுக்கிவிடும்.

காரில் செருகிய எல்லாவற்றையும் உருவுங்கள். கருவியைப் பேட்டரியிலேயே ஓட விடுங்கள். பட்டைகள் உயர்ந்தபின் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வாருங்கள். எதைச் செருகியதும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. அதைக் கருவியிலிருந்து தள்ளி வையுங்கள், அல்லது நல்ல சார்ஜராக மாற்றுங்கள். கருவியின் சொந்த சார்ஜரே குற்றவாளியாக இருப்பதும் உண்டு.

உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும், சுரங்கப் பாதையிலும், அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் மட்டும் போகிறதென்றால் அது இயற்கை, பழுதில்லை. குறிப்பிட்ட ஒரே பகுதியில் எல்லோருக்கும் போகிறதென்றால் அங்கே யாரோ அலையைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். சில கனரக வண்டிகளில் கண்காணிப்பை ஏமாற்ற மாட்டும் ஜாமர்கள் பக்கத்து வண்டியின் கருவியையும் குருடாக்கும். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். உங்கள் வண்டியில் செய்ய வேண்டியது எதுவுமில்லை.

### நேரம், தேதி எல்லாம் தப்பாக இருக்கிறது

நேரம் மட்டும் ஒரு மணியோ அரை மணியோ பிசகினால் நேர மண்டலத்தைத் திருத்துங்கள், சரியாகிவிடும். தேதி கிட்டத்தட்ட 20 ஆண்டு பின்னால் காட்டினால் கதை வேறு. ஜிபிஎஸ் வாரங்களை எண்ணும் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். பழைய மென்பொருள் அதைப் புரிந்துகொள்ளாமல் பழைய தேதிக்குக் குதித்துவிடும். சில கருவிகளில் தேதி மட்டும் தப்பும், சிலவற்றில் சாட்டிலைட்டைத் தேடுவதே குழம்பும். மென்பொருள் அப்டேட் இருந்தால் தீரும். தயாரிப்பாளர் அந்த மாடலைக் கைவிட்டிருந்தால் எந்தக் கடைக்காரராலும் சரிசெய்ய முடியாது. அதற்குமேல் செலவு செய்யாதீர்கள்.

### கார் நிற்கிறது, மேப்பில் மட்டும் ஓடுகிறது

சிமுலேட்டர் அல்லது டெமோ ஆனில் இருக்கிறது. கடையில் காட்சிக்கு வைத்திருந்த கருவியிலும், குழந்தைகள் கையில் போன கருவியிலும் இதைப் பார்க்கலாம். செட்டிங்ஸில் போய் அணையுங்கள்.

### காரோடு வந்த ஸ்க்ரீனிலும், பிறகு வாங்கி மாட்டிய ஸ்டீரியோவிலும்

ஸ்டீரியோ மாற்றிய பின்பு சிக்னல் போனதென்றால் ஆன்டெனாவை எங்கே வைத்தார்கள் என்று கேளுங்கள். தீப்பெட்டி அளவுள்ள அந்தச் சதுரத்தின் மேல்முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். அடியில் உலோகம் இருக்கலாம், மேலே இருக்கக் கூடாது. அவசரத்தில் டேஷ்போர்டுக்குள் ஏதோ ஓர் உலோகச் சட்டத்துக்கு அடியில் செருகிவிட்டுப் போயிருப்பார்கள். பின்பக்க இணைப்பு சரியாகப் பதியாமல் ஆடிக்கொண்டிருப்பதும் உண்டு. இவ்வகை ஆன்டெனாவுக்கு அதே கேபிள் வழியாகவே 3 முதல் 5 வோல்ட் போகும். அது வருகிறதா என்று பார்க்க டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். ஏர்பேக் ஒயர்கள் ஓடும் இடம் என்பதால் அதை நீங்களே செய்யாமல் தெரிந்தவரிடம் விடுங்கள்.

## அறிகுறி: அம்புக்குறி தவறான சாலையில் நிற்கிறது

மேம்பாலமும் அதன் கீழே போகும் சாலையும், நெடுஞ்சாலையும் அதை ஒட்டிய சர்வீஸ் சாலையும் மேப்பில் ஏறக்குறைய ஒரே கோடு. திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிழை வரும் கருவியால் மேலேயா கீழேயா என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் பலகையை நம்புங்கள், அடுத்த திருப்பத்துக்குள் கருவி தானாகச் சரியாகிவிடும்.

எல்லா இடத்திலும் அம்புக்குறி சாலைக்குப் பக்கத்தில் வயலில் போகிறதா? 'சாலையோடு பொருத்து' என்ற பொருளில் வரும் செட்டிங் அணைந்திருக்கலாம். புதிதாகப் போட்ட சாலையில் மட்டும் வயலில் போனால் மேப் பழசு.

நிற்கும்போது அம்பு தப்பான திசையைக் காட்டி, கார் நகர்ந்ததும் சரியாகிறதா? இது போனில்தான் வரும். நகரும்போது திசையை ஜிபிஎஸ் கணக்கிடுகிறது, நிற்கும்போது போனுக்குள் இருக்கும் காம்பஸ் சொல்கிறது. காந்த ஸ்டாண்ட் அந்தக் காம்பஸைக் கெடுத்துவிடும். பிடிப்பான் வகை ஸ்டாண்டுக்கு மாறுங்கள். காந்தம் சாட்டிலைட் சிக்னலைக் கெடுக்காது, அந்தப் பயம் வேண்டாம். போனில் இடம் ஒரு வட்டமாக மட்டும் தெரிந்தால் அந்தச் செயலிக்கு 'துல்லியமான இருப்பிடம்' அனுமதி தரப்படவில்லை, அல்லது பேட்டரி சேமிப்பு ஆனில் இருக்கிறது.

காரோடு வந்த ஸ்க்ரீன் சக்கரத்தின் சுழற்சியையும் சேர்த்துக் கணக்கிடும், சுரங்கத்திலும் அம்பு ஓடுவது அதனால்தான். வேறு அளவு டயர் மாற்றினாலோ பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ அந்தக் கணக்கு பிசகும். திறந்த சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் தானே திருந்திக்கொள்ளும். திருந்தவில்லையென்றால் ஷோரூமில் கேலிப்ரேட் செய்யச் சொல்லுங்கள், அதாவது கணக்கைத் திருத்தி அமைக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: சுற்றுவழியில் இழுத்துக்கொண்டு போகிறது

இங்கே கருவியைத் திட்டுவதற்கு முன் செட்டிங்ஸைத் திறந்து நிதானமாக ஒருமுறை படியுங்கள். 'தவிர்க்க' என்ற பட்டியலில் சுங்கச் சாலை, நெடுஞ்சாலை, மண் சாலை, யூ டர்ன் எவற்றில் டிக் விழுந்திருக்கிறது? ஒரு பயணத்துக்காகப் போட்ட டிக் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். வாகன வகை லாரி, சைக்கிள், நடை என்று மாறியிருக்கிறதா? வழி 'குறைந்த தூரம்' என்றிருந்தால் சந்து பொந்தெல்லாம் நுழைந்து போகும், 'குறைந்த நேரம்' என்று மாற்றுங்கள். போன பயணத்தில் சேர்த்த இடைநிறுத்தம் நீக்கப்படாமல் இருந்தாலும் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும்.

### சேருமிடமே தப்பு

ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பது எங்கும் உள்ளதுதான். கிளம்புவதற்கு முன் மொத்தத் தூரத்தைப் பாருங்கள், அதிலேயே பாதி தப்பு பிடிபடும். சரியான இடத்துக்குப் பின்பக்கத் தெருவில் கொண்டுபோய் விட்டால் மேப்பில் புள்ளி கட்டடத்தின் முதுகுப்பக்கம் விழுந்திருக்கிறது. வாசல் இருக்கும் சாலையின் மேலேயே விரலை வைத்துப் புள்ளியைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அட்ச, தீர்க்க எண்களைக் கொடுத்துத் தேடுபவர்கள் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். 10.5050 டிகிரி என்பது 10 டிகிரி 30 நிமிடம் 18 விநாடி. அதை 10 டிகிரி 50 நிமிடம் 50 விநாடி என்று உள்ளிட்டால் சுமார் 38 கி.மீ. வடக்கே போய் நிற்பீர்கள், அதாவது நீங்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்தால். கருவியின் செட்டிங்ஸில் எந்த வடிவம் என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: மேப் அப்டேட் ஆகவில்லை

பெரும்பாலும் இடம் போதவில்லை. பழைய கருவிகளின் உள் நினைவகத்தைவிடப் புது மேப் பெரிதாகிவிட்டது. நீங்கள் போகாத நாடுகளின் மேப்பையும் தேவையில்லாத குரல்களையும் நீக்குங்கள், அல்லது மெமரி கார்டு போடுங்கள். 32 ஜிபி வரையுள்ள கார்டை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து போட்டால் பெரும்பாலான கருவிகள் ஏற்கும். அதற்கு மேற்பட்டதைப் பழைய கருவி கண்டுகொள்ளாது. மைக்ரோ இல்லாத, உருவத்தில் பெரிய கார்டாக இருந்தால் பக்கவாட்டில் இருக்கும் பூட்டு 'லாக்' பக்கம் தள்ளியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாதியில் அறுந்து அறுந்து நின்றால் கணினியின் துளையில் நேராகச் செருகுங்கள், ஹப் வழியாக வேண்டாம். மடிக்கணினி நடுவில் தூங்காதபடி வையுங்கள். மணிக்கணக்கில் ஆகும் வேலை இது. பயணத்துக்கு முந்தைய இரவில் ஆரம்பிக்காதீர்கள். 'இந்த மேப் இந்தக் கருவிக்கு உரியது அல்ல' என்று வந்தால் மேப் வேறு கருவிக்கோ காருக்கோ பூட்டப்பட்டது. நகலெடுத்த மேப்பை மலிவாக வாங்கியவர்களுக்கு இதுதான் நடக்கும்.

## அறிகுறி: திரை, தொடுதல், குரல்

தொட்ட இடம் ஒன்று, அழுந்தும் இடம் ஒன்று என்றால் முதலில் திரை ஓரங்களைச் சுத்தம் செய்யுங்கள். ஓரத்தில் சேர்ந்த தூசியே விரல்போல அழுத்திக்கொண்டிருக்கும். திரைமேல் ஒட்டிய பாதுகாப்புத் தாளையும் எடுத்துப் பாருங்கள். நகத்தால் அழுத்தினாலும் வேலை செய்யும் பழைய வகைத் திரைக்குக் கேலிப்ரேஷன் உண்டு, அந்த மாடலின் கையேட்டில் இருக்கும். திரையில் விரிசல் விழுந்திருந்தால் எந்த செட்டிங்கும் உதவாது.

வெயிலில் டேஷ்போர்டின் மேல் கிடந்த கருவி கருப்படித்தோ சார்ஜ் ஏறாமலோ இருந்தால் நிழலில் ஆறவிடுங்கள். லித்தியம் பேட்டரிகள் பொதுவாக 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சார்ஜை மறுக்கும். அது பாதுகாப்பு ஏற்பாடு. ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைக்காதீர்கள், உள்ளே ஈரம் பூத்துவிடும்.

குரல் வரவில்லையென்றால் ப்ளூடூத்தை அணைத்துப் பாருங்கள். சத்தம் கார் ஸ்டீரியோவுக்குப் போயிருக்கும், அங்கே நீங்கள் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பீர்கள். 'வலப்பக்கம் திரும்பவும்' என்று மட்டும் சொல்லி, தெருப் பெயரைச் சொல்லவில்லையென்றால், தேர்ந்தெடுத்த குரல் பதிவு செய்யப்பட்ட வகை. எழுத்தைப் படிக்கும் வகைக் குரலுக்கு மாற்றுங்கள்.

## அறிகுறி: ஸ்டாண்ட் விழுந்துகொண்டே இருக்கிறது

கண்ணாடியை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ரப்பரை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து ஒட்டுங்கள். ரப்பர் விறைத்திருந்தால் சூடான தண்ணீரில் சிறிது நேரம் போட்டால் வடிவத்துக்கு வரும். ஏர்பேக் திறக்கும் இடத்தில் மட்டும் ஒட்டக் கூடாது.

## அறிகுறி: போக்குவரத்து நெரிசலைக் காட்டவில்லை

பல கருவிகளில் நெரிசல் தகவலைப் பெறும் எஃப்எம் ரிசீவர் சார்ஜர் கேபிளுக்குள் இருக்கிறது. சாதாரண கேபிளுக்கு மாறியதும் அது போய்விடும். மற்றவை போனின் இணையத்தை ப்ளூடூத் வழியாக வாங்கும், போனில் அந்தச் செயலி ஓட வேண்டும். காருக்குள் சிம் வைத்த பழைய ஸ்க்ரீன்களில், பல நாடுகளில் 2ஜி, 3ஜி நெட்வொர்க்குகள் மூடப்பட்டதால் சேவையே நின்றிருக்கும். அதற்கு மெக்கானிக் தேவையில்லை, பயனும் இல்லை.

## பழுது போலத் தெரியும், பழுது அல்ல

கருவி காட்டும் வேகம் ஸ்பீடாமீட்டரைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். ஐநாவின் 39-ஆம் விதிமுறைப்படி ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, 10 சதவீதமும் அதோடு 4 கி.மீ.யும் வரை கூட்டிக் காட்டலாம். உண்மையில் 100-இல் போகும்போது முள் 114 வரை நிற்கலாம். அதனால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூட்டியே வைப்பார்கள். நேரான சமச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஜிபிஎஸ் சொல்வதுதான் உண்மைக்கு நெருக்கம்.

இணையம் இல்லாத இடத்தில் தனிக் கருவி வழி காட்டும். போன் மேப்பை இறக்கி வைக்காமல் போனால் வெற்றுத் திரையில் புள்ளி மட்டும் நிற்கும். அதுவும் ஜிபிஎஸ் கோளாறு இல்லை.

## சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

கேபிள், ஃபியூஸ், கார்டு, ஸ்டாண்ட், வெளி ஆன்டெனா வரைக்கும் யோசிக்காமல் செலவு செய்யலாம். பேட்டரி மாற்றுவதும் தகும், மேப் அப்டேட் இன்னும் வந்துகொண்டிருந்தால். திரையோ உள் போர்டோ போய், மேப்பும் நின்றுவிட்ட மாடல் என்றால் விட்டுவிடுங்கள். நீரில் விழுந்த கருவிக்கும் அதே பதில்தான், என்றாவது ஒருநாள் நடுவழியில் கைவிடும்.

புதிதில் என் முதல் கேள்வி மேப் அப்டேட் எத்தனை வருடத்துக்கு இலவசம் என்பது. திரை அளவெல்லாம் அப்புறம். ஜிபிஎஸ் மட்டுமல்லாமல் க்ளோனாஸ், கலிலியோ, பெய்டூ ஆகிய மற்ற சாட்டிலைட் அமைப்புகளில் ஒன்றிரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கருவி கட்டடங்களுக்கு நடுவில் குறைவாகத் தடுமாறும். உள் நினைவகம் போதாதபோது கார்டு போட இடம் வேண்டும். பூச்சுக் கண்ணாடி உள்ள காருக்கு வெளி ஆன்டெனா துளை இருக்கும் மாடலைத் தேடுங்கள். லாரி, கேரவன் ஓட்டுபவர்கள் உயரம், எடை உள்ளிடும் வகையைத்தான் வாங்க வேண்டும். கார் கருவி அவர்களைத் தாழ்வான பாலத்துக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தும்.

எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் உங்கள் காரிலேயே, உங்கள் கண்ணாடிக்குப் பின்னாலேயே, டேஷ்கேமும் மற்ற சார்ஜர்களும் ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்டிச் சாட்டிலைட் பட்டைகளைப் பாருங்கள். பெட்டியையும் அசல் கேபிளையும் அதுவரை தூக்கிப் போட வேண்டாம்.